இறுதி வருட ஆய்வுத் தலைப்பு: “சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள்” என்பதை எப்படிச் சுருக்குவது?

கினிகத்தேனை_மழை:
வணக்கம். சமூகவியல், இறுதி வருடம். முன்மொழிவு கொடுக்க இன்னும் ஐந்து கிழமை இருக்கு. அதற்குப் பிறகு ஆய்வேட்டை ஒப்படைக்க நாலு மாதம். நான் எழுதிக் கொடுத்த தலைப்பு இது: “மலையகப் பெருந்தோட்ட மக்களின் சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள் – ஓர் ஆய்வு”. மேற்பார்வையாளர் “மிகப் பரந்தது, சுருக்கவும்” என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார். எங்கே பிடித்து வெட்டுவது? வினாக்கொத்து எத்தனை பேருக்குக் கொடுத்தால் போதும்? தெரிந்த அண்ணாமார், அக்காமார், சேர்மார் சொல்லுங்க.

தொகைமதிப்பு:
தங்கச்சி, உங்க தலைப்பு பரந்தது என்பதைவிட, அதில் கேள்வியே இல்லை என்பதுதான் குறை. “பிரச்சினைகள்” என்று போட்டால் வீடு, சம்பளம், பாடசாலை, மது, சுகாதாரம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு அத்தியாயம் எழுத வேண்டி வரும். ஒன்றுக்கும் பதில் வராது.

ஒரு தாளை எடுத்து நாலு கேள்வி எழுதுங்க. யாரைப் பற்றி? எந்த இடம்? எந்தக் காலம்? எதை எண்ணப் போறீங்க, அல்லது எதைக் கேட்டுப் பதியப் போறீங்க? நாலுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் பிறக்கவில்லை.

முதல் கேள்வியிலேயே பலர் வழுக்கி விழுகிறார்கள். “மலையகத் தமிழர்” என்பதும் “தோட்டத் துறை” என்பதும் ஒன்றல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் தோட்டத் துறை என்றால் 20 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள, 10 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் குடியிருக்கிற பெருந்தோட்டம். அது இடத்தைப் பற்றிய வகை. “இந்தியத் தமிழர்” என்பது இனத்தைப் பற்றிய வகை. 1911 தொகைமதிப்பில்தான் இலங்கைத் தமிழரிலிருந்து பிரித்து எண்ணத் தொடங்கினார்கள். 2012 தொகைமதிப்பில் அந்த வகையில் பதிந்தவர்கள் சுமார் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர். இவர்களில் ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவரும் உண்டு, கொழும்பில் இருப்பவரும் உண்டு. மறுபக்கம், தோட்டத் துறைக்குள் சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் ஒன்றின் எண்ணையும் மூன்றாம் அத்தியாயத்தில் மற்றதன் எண்ணையும் போட்டால் ஆய்வு அங்கேயே உடைந்துவிடும்.

நூலக_அலுமாரி:
மேலே சொன்னதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் துறை நூலகத்தில் கடந்த பத்து வருட ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் போதும். முழுவதும் வாசிக்க வேண்டாம். சுருக்கம், ஆய்வு முறை, கடைசி அத்தியாயம் மட்டும். ஒரு கொப்பியில் ஐந்து நிரல் போடுங்கள்: கேள்வி, இடம், எத்தனை பேர், என்ன கண்டார்கள், “மேலும் ஆராய வேண்டியவை” என்று எதைச் சொன்னார்கள். அந்த ஐந்தாம் நிரலில்தான் உங்கள் தலைப்பு ஒளிந்திருக்கும்.

“தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கை நிலை” என்ற பெயரில் ஒரே ஆய்வு, தோட்டத்தின் பெயர் மட்டும் மாறி அடுக்கடுக்காக இருப்பதைக் காண்பீர்கள். எல்லாவற்றின் முடிவும் வருமானம் குறைவு, லயம் (தோட்டத்து வரிசை வீடு) பழையது, கல்வி பின்தங்கியது என்பதுதான். அதை நாம் மறுபடியும் நிரூபிக்கத் தேவையில்லை. 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத் துறையில் 31.7 வீதம். நாடளாவிய அளவீடே இதைச் சொல்லிவிட்ட பிறகு, ஒரு தோட்டத்தில் ஐம்பது பேரைக் கேட்டு “போஷாக்கு குறைவு” என்று முடிப்பதில் என்ன பயன்? அந்த மக்கள் கொடுக்கிற நேரத்துக்கு நாம் புதிதாக ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் மலையகச் சஞ்சிகைகள், நினைவு மலர்கள், தொழிற்சங்க வெளியீடுகள் வருடிப் போடப்பட்டிருக்கின்றன. இலவசம். ஒன்று மட்டும் கவனம்: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் உசாத்துணைப் பட்டியல் கேட்டால் எழுதப்படாத நூலுக்கும் ஆசிரியர், வருடம், பக்கம் எல்லாம் போட்டுக் கொடுக்கும். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பத்தனைச்சந்தி:
எத்தனை பேர் போதும் என்று கேட்டீங்களே, அதைச் சூத்திரத்தில் இருந்து தொடங்காதீங்க. உங்க ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுவதில் இருந்து தொடங்குங்க.

வேலை நாளில் பெண்கள் கொழுந்து நிறுத்துப் போட்டு வீடு வரவே பின்னேரம் ஐந்தாகும். பிறகு விறகு, தண்ணி, சமையல். அந்த நேரத்தில் போய் வினாக்கொத்தை நீட்டினால் “ஆமா, ஆமா” என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். கிடைப்பது ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை). ஒரு நேர்காணலுக்கு 35, 40 நிமிடம். லயத்துக்கு லயம் ஏறி இறங்க நேரம் போகும். வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்ப மாட்டாங்க, அதுக்கும் நேரம். ஆக ஒருநாளைக்கு ஆறு வீடு. தரவு சேர்க்க ஆறு கிழமை ஒதுக்கினால் ஆறு ஞாயிறு, ஒரு போயா. மழை ஒருநாளைச் சாப்பிடும். 36 வீடு. உதவிக்கு ஒரு தோழியைப் பழக்கிக் கூட்டிப் போனால் 70.

இப்போ சூத்திரத்தைப் பாருங்க. 180 குடும்பம் உள்ள இடத்துக்கு மாதிரி அளவு சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணை 123 கேட்கும். உங்களால் முடியாது. முடியாததை முன்மொழிவில் எழுதிவிட்டுக் கடைசிக் கிழமையில் விடுதி அறையில் உட்கார்ந்து வினாக்கொத்தை நிரப்புகிற நிலை இப்படித்தான் வருகிறது. அது களவு. தலைப்பைச் சின்னதாக்கினால் அந்த நிலையே வராது.

தொகைமதிப்பு:
அதோடு ஒன்று. கூட்டம் சிறியதாக இருந்தால் மாதிரி எடுக்கவே வேண்டாம், எல்லோரையும் கேட்கலாம். “ஒரு டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள எல்லாக் குடும்பமும்” என்று வரையறுத்தால் நாற்பதோ ஐம்பதோதான் வரும். அப்போது எழுமாற்று மாதிரி, வழுவீதம் என்று எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முடிவை அந்த டிவிஷனுக்கு வெளியே நீட்டக் கூடாது.

ஊவாக்காற்று:
எல்லாம் சரி. ஆனால் தரவு எங்கே சுலபமாகக் கிடைக்கும் என்று மட்டும் பார்த்துத் தலைப்பெடுத்தால் உயிரில்லாத ஆய்வுதான் வரும். நான் இதில் மேலே எழுதியவர்களோடு ஒத்துப்போகவில்லை. கேள்வி முதலில் வர வேண்டும். தோட்டத்தில் இப்போது எது மாறுகிறது, மாறுவதை யாரும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று யோசியுங்கள்.

சில: செக்ரோலில் (தோட்டத்தின் வேலை வரவுப் பதிவேட்டில்) பேர் இல்லாமல் வெளியாள் முறையில் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. பெண்கள் பெரட்டுக்கு (காலையில் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகாமல் மரக்கறித் தோட்டத்துக்கும் டவுன் கடைக்கும் நாட்கூலிக்குப் போவது. பெண்பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுத் தாய் கொழும்புக்குப் போவது. மண்சரிவு எச்சரிக்கை வந்த பிறகும் குடும்பங்கள் லயத்தை விட்டுப் போகாதது.

கடைசியதைக் கொஞ்சம் விரிக்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம் (சிவப்பு) என்று எச்சரிக்கையைப் படிப்படியாகக் கூட்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் நடந்த மண்சரிவை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் எத்தனை வீடு காலியாகிறது, யார் கடைசியாகப் போகிறார்கள், எதற்காகத் தங்குகிறார்கள்? மாடா, சாமானா, போன இடத்தில் கழிவறை இல்லையா? இது கேள்வி. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள்ளேயே செய்யலாம். ஆனால் உயிரிழப்பு நடந்த இடத்துக்குப் போகாதீர்கள். அங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு எல்லோரும் போய்விட்டார்கள். எச்சரிக்கை மட்டும் வந்த வேறு இடத்தைப் பாருங்கள்.

கினிகத்தேனை_மழை:
ரொம்ப நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மூன்று எழுதினேன்.
அ) 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானதால் குடும்பங்களில் ஏற்பட்ட தாக்கம்.
ஆ) லயங்களில் மதுப்பழக்கமும் குடும்ப வன்முறையும்.
இ) தாய் வெளி வேலைக்குப் போகும் குடும்பங்களும் பிள்ளை மடுவமும் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடம்).
மூன்றாவது ஊவாக்காற்று சொன்னதைப் பார்த்து வந்தது. எது செய்யலாம்?

தொகைமதிப்பு:
அ வேண்டாம். “தாக்கம்” என்று சொல்ல முன்னும் பின்னும் வேண்டும். 2020இல் அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்தன என்று உங்களிடம் பதிவு இல்லை. இன்றைக்குப் போய் “அப்போ எவ்வளவு செலவழிச்சீங்க” என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருப்பதாகச் சொல்வதும் நம்ப முடியாது. அது இருந்தாலும், அதே 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, கொழுந்து குறைந்தது. 2022இல் பொருள் விலை ஏறிய விதம் தெரியும்தானே. இவ்வளவும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது, சம்பளம் மட்டும் என்ன செய்தது என்று எந்த வினாக்கொத்தாலும் பிரிக்க முடியாது.

வருமானம் கேட்கிற எல்லா ஆய்வுக்கும் இது பொருந்தும்: “மாத வருமானம் எவ்வளவு” என்று தோட்டத்தில் கேட்காதீர்கள். அது விழுந்த பேர் (பதிந்த வேலை நாள்), அரைப் பேர், மேலதிகக் கிலோ, கைக்காசு, அட்வான்ஸ், சங்கச் சந்தா, சேமலாப நிதிக் கழிப்பு எல்லாம் சேர்ந்தது. ஒருவர் கழிப்புக்கு முன், இன்னொருவர் கழிப்புக்குப் பின் சொல்வார். போன மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று கேளுங்கள். அது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

பத்தனைச்சந்தி:
ஆ-வையும் விடுங்க தங்கச்சி. விஷயம் பெரியது, முக்கியமானது. அதனால்தான் சொல்றேன். லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். நீங்க கேட்கிற கேள்வியும் அந்தப் பெண் சொல்ற பதிலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நீங்க போன பிறகு அந்தப் பதிலோடு அவர்தான் அங்கே இருக்கணும். இப்படியான தலைப்புக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, தனி இடம், அழுதால் அனுப்பி வைக்க ஓர் ஆலோசனை நிலையம், பயிற்சி எல்லாம் தேவை. நாலு மாதத்தில் முதல் ஆய்வாகச் செய்யக் கூடாது.

இ நல்ல கேள்வி. அதை வைத்துக்கொள்ளுங்க.

ஊவாக்காற்று:
இ தான். இதுவரைக்கும் தாய் என்றால் கொழுந்து பறிப்பவர் என்று வைத்துத்தான் மடுவத்தின் நேரம், இடம், சட்டம் எல்லாம் அமைந்தன. இப்போது தாய் காலையில் வேனில் ஏறி மரக்கறித் தோட்டத்துக்குப் போனால் அந்த ஏற்பாடு பொருந்துகிறதா? மடுவம் திறக்க முன்னால் வேன் போய்விடுகிறதா? செக்ரோலில் பேர் இல்லாத தாயின் பிள்ளையைச் சேர்க்கிறார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் ஒரு தோட்டமாவது அரைமணி முந்தித் திறக்கக்கூடும்.

பத்தனைச்சந்தி:
அப்போ இதைக் கட்டுவோம். முதல் வேலை வினாக்கொத்து எழுதுவதல்ல. ஒப்பிட இரண்டு டிவிஷன் எடுங்க. ஒரு நாள் போய் அந்த இரண்டு மடுவத்திலும் அனுமதி விதி என்ன என்று மட்டும் கேட்டு வாங்க. காரணம்: தோட்டத்தில் வேலை செய்யாதவரின் பிள்ளையை இரண்டு இடத்திலுமே எடுப்பதில்லை என்றால் “யார் அனுப்புகிறார்கள்” என்ற கேள்விக்குப் பதில் விதியிலேயே முடிந்துவிட்டது. ஆய்வு செய்ய ஒன்றுமில்லை. அப்போ கேள்வியை “அனுமதிக்கப்படாத பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்” என்று திருப்பணும். ஒரு இடத்தில் எடுக்கிறார்கள், மற்ற இடத்தில் இல்லை என்றால் உங்களுக்கு அருமையான ஒப்பீடு. இதை முன்மொழிவுக்கு முன்னமே தெரிஞ்சுக்கணும்.

இரண்டாவது, பதிவேடு. மடுவத்தில் தினவரவுப் பதிவேடு இருக்கும். அதைப் பார்க்கத் தோட்ட முகாமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். துறைத் தலைவர் ஒப்பமிட்ட கடிதத்தில் இவை இருக்கட்டும்: எந்த டிவிஷன், எந்தப் பதிவேடு, எந்த மாதங்கள், பிள்ளையின் பெயரைப் பதிய மாட்டோம் என்ற உறுதி, வரும் தேதிகள், முடிந்ததும் ஒரு பிரதி தருவோம் என்பது. “தகவல் பெற அனுமதிக்கவும்” என்று பொதுவாக எழுதினால், சம்பளக் கணக்கைக் கிளறப் போறாங்களோ என்று கடிதம் மேசையிலேயே கிடக்கும். அனுமதிக்கு மூன்று கிழமை ஒதுக்குங்க. சம்பளப் பேச்சுவார்த்தையோ வேலைநிறுத்தமோ நடக்கிற காலத்தில் கேட்காதீங்க.

தோட்டம் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையினதோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதோ என்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லணும். ஆனால் முதலில் நேரே போய்ப் பேசிப் பாருங்க, கடிதச் சண்டை கடைசி வழி.

தொகைமதிப்பு:
பதிவேட்டை ஒரு மாதத்துக்கு மட்டும் பார்த்தால் தவறு வரும். மேற்குச் சரிவில், திம்புள்ளைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. கொழுந்து குறைவு, வேலை நாளும் குறைவு, மடுவமும் காலியாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து அள்ளி வரும்போது மடுவம் நிரம்பும். ஊவாப் பக்கம் பருவம் வேறு. ஆகவே 12 மாதமும் எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதத்துக்கு எத்தனை நாள் என்று ஓர் எண் போதும், நாள்நாளாக வேண்டாம்.

இனி அலகு. பிள்ளையா, குடும்பமா? ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் போகும். இரண்டு தனித் தரவாக எண்ணினால் பொய்யாகப் பலம் கூடும். குடும்பத்துக்கு ஒன்று, வயதில் இளைய பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாயின் வேலையை மூன்றாகப் பிரியுங்கள்: தோட்டம், வெளி வேலை, வீட்டில். மடுவப் பயன்பாட்டை இரண்டாக: கிழமைக்கு மூன்று நாளோ மேலோ, அதற்குக் குறைவு. 3க்கு 2 அட்டவணை. கைவர்க்கச் சோதனை (இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளிவிபரச் சோதனை) செய்யலாம். எந்தக் கூட்டிலும் எதிர்பார்க்கும் எண் 5க்குக் கீழே வரக்கூடாது. எடுத்துக்காட்டுக்கு 110 குடும்பத்தில் 25 தாய்மார் வீட்டில், மொத்தம் 60 பிள்ளை மடுவத்தில் என்றால், அந்தக் கூட்டின் எதிர்பார்க்கும் எண் 25 × 60 ÷ 110, அதாவது 13.6. தாராளம். வெளி வேலைக்குப் போகிற தாய் பத்தே பேர் என்றால் மடுவத்துக்குப் போகிற கூட்டில் 5.5, போகாத கூட்டில் 4.5தான், போதாது. அதனால் களத்துக்குப் போக முன்னால் குடும்பநல உத்தியோகத்தரிடம், பெயர்களைக் கேட்காமல், தோராயமான எண்ணிக்கை மட்டும் கேட்டு வாருங்கள். இரண்டு டிவிஷன் போதாவிட்டால் மூன்றாவதையும் சேர்க்கலாம். கணக்கு 70ஐத் தாண்டினால் பத்தனைச்சந்தி சொன்ன ஞாயிறுக் கணக்கு மாறும். அப்போது இன்னொருவர் வேண்டும், அல்லது நேர்காணலை 20 நிமிடமாகச் சுருக்க வேண்டும்.

நூலக_அலுமாரி:
சுருக்கத்தான் வேண்டும். வீட்டின் கூரை, கழிவறை, தொலைக்காட்சி, கடன் என்று பழைய வினாக்கொத்துகளில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதை விடுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் “இது எந்த அட்டவணைக்குப் போகும்” என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை அழித்துவிடுங்கள்.

கேள்வியின் வடிவமும் முக்கியம். “பிள்ளையை மடுவத்துக்கு அனுப்புகிறீர்களா?” என்றால் எல்லோரும் “ஆம்” என்பார்கள், அனுப்பாதது குற்றம் போலத் தோன்றும். “போன கிழமை திங்கள் முதல் சனி வரைக்கும் பிள்ளை எந்தெந்த நாள் மடுவத்தில இருந்துச்சு? மத்த நாள் யாரு பார்த்தது?” என்று நாள் நாளாகக் கேளுங்கள். பதிவேட்டோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் சில நேரம் முக்கியமான செய்தி கிடைக்கும்: பதிவில் வரவு போட்டிருக்கும், பிள்ளை பத்து மணிக்கே பாட்டியோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

முன்னோடி ஆய்வை உங்கள் டிவிஷனில் செய்யாதீர்கள். பக்கத்து டிவிஷனில் ஐந்து வீடு. கேள்வியைப் பேச்சுத் தமிழிலேயே அச்சிடுங்கள். எழுத்துத் தமிழில் இருப்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக மாற்றிச் சொன்னால் அது ஒரே கேள்வியாக இருக்காது.

கொழுந்துக்கூடை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கணும். நான் தமிழ்த் துறை. எனக்கும் இதே சிக்கல். “மலையக நாட்டார் வழக்காறுகள்” என்று கொடுத்து, சுருக்கச் சொல்லிவிட்டார்கள். காமன்கூத்து (மன்மதன் கதையைத் தோட்டங்களில் ஆடும் கூத்து) எடுத்துச் செய்யலாமா?

நூலக_அலுமாரி:
காமன்கூத்து மாசியில் நடக்கும். உங்கள் ஆய்வுக்காலம் அதைத் தொடாவிட்டால் கூத்தைப் பார்க்காமல் கூத்தைப் பற்றி எழுத வேண்டி வரும். மாசி அகப்பட்டால் ஒரே ஒரு தோட்டத்தின் கூத்தை, காமன் நடுவதில் இருந்து கடைசி நாள் வரை முழுதாகப் பதிவு செய்வது, ஐந்து தோட்டத்தை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட மேல்.

மாசி இல்லை என்றால் தோட்டப் பெயர்களைப் பாருங்கள் என்பது என் யோசனை. பால்மோரல், ஹோலிரூட், டன்சினன், கிளென்லயன் என்று துரைமார் ஸ்கொட்லாந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம்மவர்கள் பல தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் தங்கள் பெயரை வைத்தார்கள்: கங்காணியின் பெயர், மரம், கல், கோயில், துரையின் தோற்றம். பதிவேட்டில் ஒன்று, வாயில் ஒன்று. வயதானவர்கள் போனால் இரண்டாவது போய்விடும். ஒரே தோட்டத்தின் எல்லா மலைப் பெயர்களையும் எடுங்கள். தோட்ட அலுவலகத்து வரைபடத்தில் இலக்கம் இருக்கும். 60 வயது தாண்டிய எட்டுப் பத்துப் பேரிடம், கணக்குப்பிள்ளை, கவ்வாத்துக்காரர், கொழுந்து பறித்த பெண்கள் என்று கலந்து, அந்த இலக்கத்துக்குப் பெயர் கேளுங்கள். ஆண்கள் ஒரு பெயரும் பெண்கள் இன்னொரு பெயரும் சொன்னால் அதை ஒன்றாக்காதீர்கள், இரண்டையும் பதியுங்கள். பெயர்க் காரணமாகச் சொல்லும் கதையைக் காரணம் என்று எடுக்காமல் “மக்கள் சொல்லும் விளக்கம்” என்று தனி நிரலில் போடுங்கள். நிறையப் பேர் தவறுவது அங்கேதான்.

தட்டச்சு: பாமினியில் (பழைய தமிழ் எழுத்துருவில்) அடித்து வைக்காதீர்கள். யுனிகோடில் அடித்தால்தான் பெயர்களை அகரவரிசைப்படுத்தவும் தேடவும் முடியும்.

ஊவாக்காற்று:
நல்ல யோசனை. இதை ஊவாவில் யாராவது செய்தால் நமுனுகுலைப் பக்கம் தொடங்குங்கள், தாமதிக்க வேண்டாம்.

நானுஓயா_நீர்:
விவசாயம், சூழலியல் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். “நுவரெலியா மரக்கறித் தோட்டங்களும் நீர் மாசும்” என்று எடுத்தால், ஓர் ஓடை, மூன்று இடம், ஒரு அளவை என்று குறுக்குங்கள். தோட்டங்களுக்கு மேலே, நடுவே, கீழே. நைத்திரேற்று எடுங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், ஒப்பிடச் சுலபம். உரம் போட்ட பிறகு வரும் முதல் மழைக்கு முன்னும் பின்னும் எடுக்காவிட்டால் எதுவும் தெரியாது. கோலிபோமும் (நீரில் கழிவு கலந்ததைக் காட்டும் பக்டீரியா) பார்க்கிறதென்றால் கிருமியழித்த போத்தல், ஐஸ் பெட்டி, ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம். ஆய்வுகூடம் ஞாயிறு பூட்டு என்பதை மறந்து ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுப்பது வழக்கமான தவறு. பூச்சிகொல்லி எச்சம் எடுக்காதீர்கள், பரிசோதனைச் செலவு மாணவர் கைக்கு எட்டாது.

கினிகத்தேனை_மழை:
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிட்டேன். ஒரு சந்தேகம். ஆய்வை என் சொந்தத் தோட்டத்திலேயே செய்யலாமா? அங்கே எல்லாரையும் தெரியும்.

பத்தனைச்சந்தி:
வேண்டாம். எல்லாரையும் தெரியும் என்பதே இடைஞ்சல். “உனக்குத் தெரியாததா புள்ள” என்று பதிலை முடிச்சிடுவாங்க. தங்கள் வீட்டு விஷயம் உங்க அம்மா காதுக்குப் போகும் என்று மறைப்பாங்க.

ஊவாக்காற்று:
நான் செய்யலாம் என்பேன். வெளியாளிடம் சொல்லாத எத்தனையோ தோட்டத்துப் பிள்ளையிடம் சொல்வார்கள். பேச்சு, உறவு, எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் வெளியிலிருந்து வருபவருக்குப் பிடிபட ஆறு மாதமாகும். நம்மைப் பற்றி இத்தனை காலம் மற்றவர்கள் எழுதியது போதாதா?

தொகைமதிப்பு:
இரண்டும் உண்மை. இந்தத் தலைப்புக்கு நடு வழி உண்டு: இரண்டு டிவிஷன் எடுக்கிறீர்கள்தானே, ஒன்று உங்கள் தோட்டம், மற்றது வேறு. உங்கள் தோட்டத்தில் உறவினர் வீடுகளைத் தோழி கேட்கட்டும். யார் யாரைக் கேட்டார் என்று ஒரு நிரல் போட்டு வையுங்கள். பதில்கள் வித்தியாசப்பட்டால் அதுவே ஒரு பந்தி. நீங்கள் அந்தத் தோட்டத்தவர் என்பதை ஆய்வு முறை அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

குடும்பங்களுக்கு அ-01, அ-02, ஆ-01 என்று குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு எந்த வீடு என்ற தாளை வினாக்கொத்துகளோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

இரண்டாம் நிலைத் தரவு பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2012 தொகைமதிப்பில் நுவரெலியா மாவட்டத்துக்கு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான். அம்பகமுவ உட்படச் சிலவற்றைப் பிறகு பிரித்தார்கள். பழைய அம்பகமுவ எண்ணையும் இன்றைய அம்பகமுவ எண்ணையும் பக்கத்தில் வைத்து “சனத்தொகை குறைந்தது” என்று எழுதிவிடாதீர்கள்.

கினிகத்தேனை_மழை:
சரி. நேற்றுப் போய் இரண்டு மடுவத்திலும் விதியைக் கேட்டு வந்தேன். ஒன்றில் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் பேர் போட்டால் போதும், தாய் வெளியே போனாலும் எடுக்கிறாங்க. மற்றதில் தாயோ தகப்பனோ செக்ரோலில் இருக்கணும். தலைப்பை இப்படி எழுதினேன்:

“தாய்மாரின் தோட்டத்துக்கு வெளியேயான தொழில் பிள்ளை மடுவப் பயன்பாட்டில் ஏற்படுத்தும் தாக்கம்: அம்பகமுவ பிரதேசத்தின் இரு தோட்டப் பிரிவுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள், 2024”

சரியா?

ஊவாக்காற்று:
விதி வித்தியாசம் கிடைத்துவிட்டதே! பாட்டி பேர் போடுவதால் பிள்ளைக்கு இடம் என்பதை யாரும் எழுதிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு தனிக் கேள்வி வையுங்கள்: பாட்டி ஓய்வு பெற்றால் பிள்ளை என்னவாகும்?

தொகைமதிப்பு:
“தாக்கம்” என்பதை எடுத்துவிட்டு “தொடர்பு” என்று போடுங்கள். மடுவம் பொருந்தாததால் தாய் வெளியே போனாரா, வெளியே போனதால் மடுவத்தை விட்டாரா என்று ஒருமுறை கேட்டுச் சொல்ல முடியாது. “தோட்டத்துக்கு வெளியேயான தொழில்” என்பதும் “தொழில் நிலை” ஆகட்டும். மூன்று வகைத் தாய்மாரையும் எடுக்கிறீர்கள். மற்றது அப்படியே இருக்கலாம்.

பத்தனைச்சந்தி:
“அம்பகமுவ பிரதேசத்தின்” என்பது பழைய எல்லையா புதிய எல்லையா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு அடிக்குறிப்புப் போடுங்க. துறைத் தலைவரிடம் கடிதத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஒப்பம் வாங்கிடுங்க தங்கச்சி. அடுத்த கிழமை போயா விடுமுறை வருது, அலுவலகம் இரண்டு நாள் இருக்காது.